இரவில் இரண்டு டியூட்டி பார்க்க முடியாது, தம்பி

கேள்வி: நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இலங்கை ஆமியின் வைத்தியப் பிரிவில் இருக்கிறேன். ஐ.நா. பணிக்காகத் தென் சூடானுக்கு வந்து ஒரு மாதமாகிறது. பொர் என்ற நகரத்தில் எங்கள் படை நடத்தும் ஹொஸ்பிட்டலில் வேலை. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு போனைப் பார்த்தபடியே விடிந்துவிடும். மனைவியும் மகளும் அம்மாவும் இருக்கும் எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, சரிவுக்குக் கீழே இருக்கிறது. டித்வா புயல் நேரம் நான் முகாமில் இருந்தேன், இரண்டு நாள் வீட்டோடு பேச முடியவில்லை. இப்போது ஊரில் மழை என்று கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கண் அயர்ந்தால் கெட்ட கனவு. அறுபத்துச் சொச்சம் பேரில் தமிழ் பேசுவது நானும் இன்னொருவரும்தான். கூட இருப்பவர்கள் நல்ல மாதிரி, ஆனாலும் நான் ஒதுங்கியே இருக்கிறேன். ஊரில், 'டொலரில் சம்பாதிக்கிறான்' என்று ஆளுக்கு ஆள் கடன் கேட்கிறார்கள். எனக்கு முடியவில்லை என்று மேலிடத்தில் சொன்னால் பெயர் கெட்டுவிடுமா? திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கட்டுமா? மனைவியிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

பதில்: தம்பி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். மலேரியாவுக்கு என்ன குளிசை போடுகிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை போடுவது என்றால் அது மெஃப்ளோகுயினாக இருக்கக்கூடும். ஆபிரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து அது. மலேரியாவை நன்றாகத் தடுக்கும். ஆனால் சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், பயங்கரமான கனவுகளைக் கொண்டுவரும், காரணமே தெரியாமல் நெஞ்சு படபடக்க வைக்கும், மனதைச் சோர்ந்துபோகச் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013 இல் இந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். இந்தத் தொந்தரவுகள் வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு குளிசைக்குள் தலைகாட்டிவிடும். நீங்கள் போய் ஒரு மாதம். கணக்கைப் பாருங்கள்.

எல்லாமே மருந்தின் வேலை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மனதைக் குறைசொல்வதற்கு முன் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். பழைய வேதனை ஏதாவது இருந்ததா, முன்பு எப்போதாவது மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தீர்களா என்றும் உங்கள் வைத்திய அதிகாரி கேட்பார். ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் குளிசையைக் கொடுக்கவே கூடாது.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பகுதியில் உள்ள மலேரியா பெரும்பாலும் மூளையைத் தாக்கக்கூடிய கொடிய வகை. ஓரிரு நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும். மாற்று மருந்துகள் உண்டு. டொக்சிசைக்ளின் தினமும் போடுவது. சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்துப் போட வேண்டும், போட்டவுடன் படுக்கக் கூடாது, வெயில் தோலைச் சுடும். இன்னொன்று அடோவாகுவோன்–புரோகுவானில். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அங்குள்ள வைத்தியர் தீர்மானிப்பார். அடுத்த குளிசை போடும் நாளுக்கு முன்னாலேயே அவரைப் போய்ப் பாருங்கள். நீங்கள் வேலை செய்வதே ஹொஸ்பிட்டலில். அவர் எந்நேரமும் பக்கத்தில்தான் இருப்பார். 'இந்தக் குளிசை தொடங்கியதிலிருந்து தூக்கமில்லை, கெட்ட கனவு வருகிறது' என்று சொன்னால் போதும். இதில் பெயர் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கினால் சொல்வதில்லையா, அதே மாதிரிதான் இதுவும்.

இனி அந்த ஒரு மணி விழிப்பு. தென் சூடானின் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால். உங்களுக்கு இரவு ஒரு மணி என்றால் மஸ்கெலியாவில் காலை நாலரை. உங்கள் மனைவி எழும்பி அடுப்பு மூட்டுகிற நேரம். மூன்றரைக்கு இங்கே ஏழு மணி. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும், மனைவி பெரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் பெயர் பதிகிற இடத்துக்கு, கிளம்பியிருப்பார். உங்கள் உடம்பு இன்னும் தோட்டத்து நேரத்திலேயே எழும்பிக்கொண்டிருக்கிறது. எழும்பியதும் நீங்கள் போனைத் திறக்கிறீர்கள். போனும் 'ஆமாம், விடிந்துவிட்டது' என்று அதற்குச் சொல்லிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு உங்களுக்குக் கண் சொக்கும், அதற்குள் அங்கே விடிந்துவிடும். ஒரு மாதமாக இதுவே நடந்திருந்தால், எவ்வளவு திடமான ஆளுக்கும் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும்.

இதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். வீட்டோடு பேசுவதைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். உங்களுக்கு நாலரை மணி என்றால் இங்கே இரவு எட்டு. மகள் தூங்கியிருக்கமாட்டாள், மனைவி அடுப்படி வேலையை முடித்திருப்பார். ஷிப்ட் மாறினால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாளுக்கு ஒரு தடவை, இருபது நிமிஷம், பிள்ளையோடும் பேசிவிடுங்கள். அதற்குப் பிறகு போன் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், அல்லது இரவு டியூட்டியில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள். நெட்வேர்க் இல்லாத நாளில் பேச முடியாது என்பதை மனைவியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். 'இரண்டு நாள் சத்தம் இல்லாவிட்டால் பயப்படாதே, மூன்றாம் நாள் இந்த நம்பருக்கு எடு' என்று ரெஜிமெண்டின் குடும்ப நலன்புரி இலக்கத்தைக் கொடுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவரிடம் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம். நாம் அதைத் தண்ணீர் மாதிரிக் குடித்துப் பழகியவர்கள், அதுவும் தூக்கத்தை விரட்டும் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. வெறும் தண்ணீரை நிறையக் குடியுங்கள். குளிரில் வளர்ந்த உடம்பு அந்த வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். மாலை ஆனதும் நீளக்கை சட்டை, படுக்கும்போது நுளம்பு வலை. இவை உங்களுக்கே தெரியும். நோயாளிக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் தான் செய்ய மறந்துவிடுவார் என்பதால் நினைவூட்டுகிறேன்.

இதெல்லாம் சரியானாலும் சரிவு சரிவாகத்தான் இருக்கும். நீங்கள் பயப்படுவது வெறும் கற்பனைக்கு அல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மலையகத்தில் எத்தனை இடம் மண்ணுக்குள் போனது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். 'ஒன்றும் ஆகாது, சாமி பார்த்துக்கொள்ளும்' என்று நான் உங்களுக்கு எழுதமாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இரவு மூன்று மணிக்கு நீங்கள் பொர் நகரத்தில் விழித்திருப்பதால் மஸ்கெலியாவில் ஒரு கல்லாவது அசையாமல் நிற்குமா? அந்தச் சரிவைப் பார்த்துக்கொள்ள அந்தச் சரிவிலேயே ஆள் வேண்டும்.

நீங்கள் ஆமிக்காரர். டியூட்டி மாறும்போது என்ன செய்வீர்கள்? எந்தக் கட்டிலில் யார், யாருக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து, யாரைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அடுத்தவரிடம் சொல்லி, புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவீர்கள். அப்படிச் செய்யாமல் வந்தவர்தான் அறைக்கு வந்தும் தூங்கமாட்டார். வீட்டை விட்டு வரும்போது அந்த ஒப்படைப்பை நீங்கள் செய்யவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது செய்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு நாள் மனைவியோடும் அம்மாவோடும், பக்கத்து லயத்தில் விவரமான ஒருவரோடும் சேர்ந்து பேசுங்கள். மழை வலுத்தால் எங்கே போவது: பாடசாலையா, கோயில் மண்டபமா, மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீடா? அந்த இடமும் சரிவுக்குக் கீழே இல்லாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் யார் யார் கதவைத் தட்டுவது? அம்மாவை யார் பிடித்துக் கூட்டிப்போவது? அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அம்மாவின் மருந்து எல்லாம் ஒரே பையில் கட்டி வாசல் ஓரம் தொங்கட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம், 100 தாண்டினால் கிளம்பத் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். மஸ்கெலியா மழைக்கு 75 பெரிய கணக்கில்லை, ஆகையால் ஒரு மழைமானி இருப்பது நல்லது. மேலும் கீழும் ஒரே அகலமான தகரப் பேணியை மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில் வைத்து, தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாலே போதும். மகள் அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்வாள்.

அளவை விட முக்கியமானது கண். நிலத்தில் புது வெடிப்பு, சுவரில் விரிசல், மரமோ லைட் போஸ்டோ சாய்வது, இல்லாத இடத்தில் கலங்கிய ஊற்று கிளம்புவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நின்றுபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117 சுவரில் எழுதி ஒட்டியிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறும் முடிவை உங்கள் மனைவி எடுக்கட்டும். 'அவரிடம் கேட்டுவிட்டு' என்ற பேச்சே வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போனபிறகு உங்களுக்கு ஒரு செய்தி அனுப்புவார். இதை உங்கள் வாயாலேயே அவரிடம் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பல பெண்கள் ஆண் வரும்வரை வாசலில் நின்றுவிடுவார்கள், எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. இதைச் செய்த பிறகும் மழைச் செய்தி கேட்டால் நெஞ்சு அடிக்கும். ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் அடிப்பதற்கும், செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட பிறகு அடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பின்னது தானாகத் தணியும்.

ஒதுங்கியே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்கச் சிங்களத்தில் வேலை செய்துவிட்டு, இரவில் தமிழில் நாலு வார்த்தை பேச ஆளில்லாமல் படுப்பது எவ்வளவு பெரிய பசி என்று எனக்குத் தெரியும். அந்த இன்னொரு தமிழ்த் தம்பியோடு தினமும் ஒரு நேரச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடுங்கள். அதற்காக இரண்டு பேரும் ஒரு மூலையில் ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு வருஷம் ஒரே வேலிக்குள் இருக்கப்போகிறவர்கள் நீங்கள் எல்லோரும். பக்கத்துக் கட்டில்காரருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும், அநுராதபுரத்திலோ மொனராகலையிலோ அவருக்கும் ஒரு கவலை இருக்கும். புயல் அவர்கள் ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. கேட்டுப் பாருங்கள்.

ஒரு யோசனை சொல்கிறேன். லீவு நாளில் சமையற்கட்டுக்குப் போய், 'இன்றைக்கு நான் ரொட்டி சுடுகிறேன்' என்று சொல்லுங்கள். மா, உப்பு, கிடைத்தால் தேங்காய்ப்பூ. நம் வீட்டு முறையில் கையால் தட்டி, தடிப்பாக, ஓரம் லேசாகக் கருகும்வரை சுட்டு, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் உப்பும் இடித்துக் கட்டசம்பலோடு வையுங்கள். எத்தனை பேர் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள் பாருங்கள். பேச்சு அங்கே தானாகத் தொடங்கும். புது இடத்தில் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருப்பதை விட, நாம் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடும்போது அந்த இடம் சீக்கிரம் நம்முடையதாகும். பின்னேரம் வொலிபோல் ஆடுவார்கள், அதற்கும் போங்கள். ஆடத் தெரியாவிட்டாலும் உடம்பு களைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனிமையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் சிலர் குடியைத் தேடுவார்கள், சிலர் வேலிக்கு வெளியே துணை தேடுவார்கள். குடி முதல் இரண்டு மணி நேரம் தூங்க வைத்துவிட்டு மிச்ச இரவைப் பறித்துக்கொள்ளும், மெஃப்ளோகுயினோடு சேர்ந்தால் இன்னும் மோசம். மற்றதைப் பற்றி ஐ.நா. விதி மிகத் தெளிவானது: பணமோ உணவோ உதவியோ கொடுத்து உடலுறவு பெறுவது முழுக் குற்றம், விலக்கே இல்லை. 2007 இல் ஹெய்ட்டியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நம் நாட்டுப் படையினர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் சனம் போரும் வெள்ளமும் பார்த்துக் களைத்த சனம். கூட இருப்பவர் யாராவது அந்தப் பக்கம் இழுத்தால் எழும்பி வந்துவிடுங்கள், பார்த்ததை மேலிடத்தில் சொல்லுங்கள்.

கடன் கேட்பவர்கள் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஐ.நா. கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போய், அங்கிருந்துதான் உங்களுக்கு வருகிறது. ஊரார் நினைப்பது போல டொலர் கட்டு உங்கள் கையில் இல்லை. போனில் யார் கேட்டாலும் ஒரே பதில்: 'லீவில் வந்து நேரில் பேசுவோம்.' மாமாவுக்கும் அதே, மச்சானுக்கும் அதே. வீட்டுச் செலவுக்கு மாதா மாதம் மனைவியின் கணக்குக்கு ஒரு தொகை தானாகப் போகும்படி வங்கியில் செய்துவிடுங்கள், மிச்சத்தை யாரும் தொட முடியாத கணக்கில் போடுங்கள். வீடு கட்டும் எண்ணம் இருந்தால், காணியைப் பற்றி அதே கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கிடைக்காமல் ஒரு மூட்டை சீமெந்துகூட வாங்க வேண்டாம்.

திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கட்டுமா என்கிறீர்கள். இப்போது வேண்டாம். தூங்காத ஆள் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. குளிசையைப் பற்றி வைத்தியரிடம் பேசி, போன் நேரத்தை மாற்றி, வீட்டு ஒப்படைப்பைச் செய்து, மூன்று வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் வைத்திய அதிகாரியிடம் மறுபடி போங்கள். ஐ.நா. பணியகத்திலேயே உளநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவரிடம் கேட்டால் ஒழுங்கு செய்து தருவார். அப்போது திரும்பி வருவதுதான் சரி என்று ஆனால் வாருங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை, அதை ஒரு வைத்தியராகவே எழுதித் தருகிறேன்.

ஆனால் இவற்றில் ஒன்று வந்தால் மூன்று வாரமும் இல்லை, மூன்று மணி நேரமும் இல்லை: செத்துவிடலாம் என்ற நினைப்பு, இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் எனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம், ஆயுதத்தைப் பார்த்தால் மனம் வேறு பக்கம் போவது. உடனே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், ஆயுதத்தை ஒப்படையுங்கள், வைத்தியரிடம் போங்கள். காய்ச்சல் வந்தாலும் அதே அவசரம்தான், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. இந்தக் காய்ச்சல் விஷயம் நீங்கள் ஊருக்கு வந்த பிறகும் ஒரு வருஷத்துக்குப் பொருந்தும். 2012 க்குப் பிறகு இலங்கைக்குள் மலேரியா வேரூன்றிப் பரவவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. அதனால் இங்கே இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியையே பார்த்ததில்லை. எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் 'நான் தென் சூடானில் இருந்து வந்தவன்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். திரும்பிய பிறகும் சொன்ன காலம்வரை குளிசையைத் தொடருங்கள், மெஃப்ளோகுயினுக்கும் டொக்சிசைக்ளினுக்கும் அது நான்கு வாரம்.

மனைவியிடம் சொல்லலாமா? சொல்லுங்கள், ஆனால் அரைகுறையாகச் சொல்லாதீர்கள். முகாமில் என்ன நடக்கிறது, எங்கே காவல், யார் எங்கே போனார்கள் என்பதெல்லாம் போனில் பேசக் கூடாதவை, அது உங்களுக்கே தெரியும். உங்கள் உடம்பைப் பற்றிப் பேசலாம். 'எனக்கு நாலு வாரமாகத் தூக்கம் சரியில்லை, குளிசையாக இருக்கலாம், டொக்டரிடம் காட்டப் போகிறேன், அடுத்த வாரம் என்ன ஆனது என்று சொல்கிறேன்' என்று முழுதாகச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அடித்துப் பேசினால் அவர் உங்கள் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு அங்கே நீங்களும் இங்கே அவரும் தூங்கமாட்டீர்கள். அவருக்கும் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1926 க்கு எடுக்கச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கும் கடிதம் எதுவும் இல்லாமலே அவர் போகலாம். குளிசையின் பெயரைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.